இரட்டிப் பார்த்த மணி

மழை விட்டுவிட்டதா இல்லையா என்று அந்த வானத்துக்கே ஒரு முடிவு இல்லாத காலை அது. பட்டறையின் தகரக் கூரையிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. மருமகள் அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கூடை காலியாகப் போகிறது. கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை. அதை அவள் கவனிக்கவில்லை. மாமியார் கவனித்தாள்.

“வெங்காயத்துக்காவது அழுது தொலையேன்டி.”

“பழைய வெங்காயம் அத்தை. காரம் போயிடுச்சு.”

“காரம் எங்க போச்சு? எனக்கு இங்க நின்னாலே கண்ணு கொட்டுது.” மாமியார் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அது வெங்காயத்துக்காக மட்டும் வந்த நீர் இல்லை என்று மருமகளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. அதற்கு மேல் உள்ளே எதுவும் அசையவில்லை.

முன்பக்கம் வீடு, பின்பக்கம் பட்டறை, நடுவில் ஒரு முற்றம். மணி வார்க்கிற குடும்பம். பள்ளிக்கூட மணி, கப்பல் மணி, கோபுரத்து மணி என்று யார் என்ன கேட்டாலும் வெண்கலத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். மாமனார்தான் தலை. மூத்த மகனைப் பெரியவன் என்றும் இளையவனைச் சின்னவன் என்றும் வீடும் தெருவும் கூப்பிட்டுப் பழகியிருந்தன. பெரியவனின் மனைவி இவள்.

மழை தொடங்கின வாரத்தில் ஒரு சாயங்காலம் பெரியவன் பட்டறையிலிருந்து வந்து முற்றத்துக் குழாயில் கை கழுவினான். படியில் உட்கார்ந்தான். “கொஞ்சம் தண்ணி கொடேன்” என்றான். அவள் தண்ணீரோடு வந்தபோது உட்கார்ந்தபடியேதான் இருந்தான். ஆனால் இல்லை. அவள் அந்தத் தம்ளரைச் சிந்தாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போய், தண்ணீரைப் பானையிலேயே ஊற்றி, மூடி போட்டுவிட்டு வந்துதான் எல்லாரையும் கூப்பிட்டாள். எதற்காக அப்படிச் செய்தாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்கு மரத்துப்போனது இன்னும் தெளியவில்லை. சமைத்தாள், துவைத்தாள், அச்சுக்கு மண் பிசைந்தாள். கை வேலை செய்தது. அது யாருடைய கையோ. துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர்கள், “கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு” என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டை இப்போது அரித்துக்கொண்டிருந்த விஷயம் வேறு. கடைத்தெரு முனையில் புதிதாகக் கட்டும் கடிகாரக் கோபுரத்துக்கு ஜோடி மணி கேட்டிருந்தார்கள். அதில் ஒரு மணி பெரியவன் வார்த்தது. அவன் அச்சை உடைத்து எடுத்த கடைசி மணி. அதற்கு ஜோடியைச் சின்னவன் வார்த்தான். இரண்டையும் ஒரே உத்தரத்தில் தொங்கவிட்டு அவனையே அடிக்கச் சொல்லிக் கேட்டார் மாமனார். சேரவில்லை என்றார். “உன் மணிதான்டா தப்பு. உடை.” அந்தப் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: தப்பான மணியை வார்த்தவனேதான் உடைக்க வேண்டும். அடுத்தவன் கை படக் கூடாது. சின்னவன் தன் மணியைத் தானே சம்மட்டியால் உடைத்து உலையில் போட்டான். மறுபடி மண் பிசைந்து, கரி மூட்டி அச்சைக் காயவைத்து, மறுபடி ஊற்றினான். மறுபடியும் மாமனார், “உடை” என்றார். இப்போது தொங்குவது மூன்றாவது. அதை இன்னும் யாரும் தொடவில்லை. இதுவும் போனால் சின்னவன் குழாய் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவான். அதை அவன் ஒளித்து வைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியாயிற்று. சின்னவனும் போனால் உலை மூட்ட ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவு தட்டப்பட்டது.

குடையும் தோள்பையுமாக ஒரு பெண் நின்றாள். நாற்பதுக்குள் இருக்கும். செருப்பெல்லாம் சேறு.

“மணிப் பட்டறை இதுதானே? நான் காலேஜ்லேர்ந்து வரேன். தொழில் செய்யறவங்க பேசற சொல்லையெல்லாம் சேத்து ஒரு அகராதி பண்றோம். போன்ல பேசியிருந்தேன். உங்க வீட்டுப் பெரியவர்... இல்ல, பெரியவன்னு சொன்னாங்க. நேர்ல வாங்க, காட்டுறேன்னாரு.”

மருமகள் கதவைப் பிடித்தபடி நின்றாள். “அவரு இல்லைங்க.”

“வெளில போயிருக்காரா? நான் வெயிட் பண்றேன்.”

“இல்ல. அவரு இறந்துட்டாரு.” கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம்தான் மாறியது. குடையை மடக்குவதா விரிப்பதா என்று தெரியாமல், “ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. நான் இன்னொரு நாள்...” என்று பின்வாங்கினாள்.

“யாருடி அது?” மாமியார் உள்ளிருந்து வந்தாள். விஷயம் தெரிந்ததும் வந்தவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “அகராதி புடிச்சவளுங்கள நெறைய பாத்திருக்கேன். அகராதி எழுதறவள இன்னைக்குத்தான் பாக்குறேன். மழையில எங்க போவ? உள்ள வா. என் மகன் வரச் சொன்னவளத் திருப்பி அனுப்பினா அவன் என்னைத் திட்டுவான்.”

அதோடு அவள் பெயர் அகராதியம்மா ஆகிவிட்டது.

டீயும் அவித்த முட்டையும் வந்தன. மாமனார் பட்டறையிலிருந்து வந்து வாசற்படியருகே நின்றார், உட்காரவில்லை. சின்னவன் முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டே காதை மட்டும் இங்கே வைத்திருந்தான்.

“நீங்க எந்தச் சொல்லுக்காக வந்தீங்க?” என்று கேட்டார் மாமனார்.

“இரட்டறதுன்னு ஒரு சொல்லு ஐயா. மணி அடிக்கறதுக்கு உங்க பட்டறையில அப்படிச் சொல்வீங்களாமே.”

பெரியவன் போன பிறகு அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. அடிச்சுப் பாக்கலாம், தட்டிப் பாக்கலாம் என்று சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டார்கள். இரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணனும் தம்பியுமாக நின்று செய்த வேலை.

சின்னவன்தான் பதில் சொன்னான். “அடிக்கறது எல்லாம் இரட்டறது இல்லைங்க. ரெண்டு மணிய எதிரெதிரா தொங்கவிட்டு, ஆளுக்கு ஒண்ணா நின்னு, மாத்தி மாத்தி அடிக்கணும். இது முடியறதுக்குள்ள அது பேசணும். அது முடியறதுக்குள்ள இது. அதுக்குப் பேருதான் இரட்டறது. தனியா அடிச்சா உலகத்துல எல்லா மணியும் நல்ல மணிதான். தனியா இருக்கற மனுஷன் மாதிரி. கூட ஒருத்தன் வந்து நின்னாத்தான் வண்டவாளம் தெரியும்.”

“அதனாலதான் உனக்கு நான் இன்னும் பொண்ணு பாக்கல,” என்றாள் மாமியார்.

அகராதியம்மா சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று வாயை மூடிக்கொண்டாள். “சிரிம்மா,” என்றாள் மாமியார். “இந்த வீட்டுல யாராவது சிரிச்சாத்தான் என்ன?”

“இந்தச் சொல்லு உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு ஐயா?”

“எங்கப்பா சொல்வாரு. அவருக்கு அவரு வேல கத்துக்கிட்ட எடத்துல சொல்லியிருப்பாங்க. சொல்லு எங்கேருந்து வருதுன்னு யாரு கேட்டா? சோறு எங்கேருந்து வருதுன்னு பாக்கவே நேரம் சரியா இருந்துச்சு.”

“இது ரொம்பப் பழைய சொல்லு ஐயா.” அவள் குரலில் ஒரு துள்ளல் வந்தது. “பழைய பாட்டுகள்ல யானையோட ரெண்டு பக்கமும் மணி தொங்கும். அது நடக்கும்போது ஒரு பக்கம் ஒலிக்கும், அப்புறம் அந்தப் பக்கம் ஒலிக்கும். அந்த ஒலிக்கு இரட்டறதுன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டுங்கறதுலேருந்து பொறந்த சொல்லுன்னு நெனைக்கறோம். புத்தகத்துல படிச்சிருக்கேன். இன்னும் ஒருத்தர் வாயில உயிரோட இருக்கும்னு நெனைக்கல. போன்ல உங்க மகன் சொன்னப்ப எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல.”

“யானையா!” மாமியார் வாயைப் பிளந்தாள். “நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, இவரு தன் தம்பியப் பாத்து ‘வாடா இரட்டலாம்’னு கூப்பிட்டாரு. ஏதோ அண்ணன் தம்பி சண்டை, சொத்துத் தகராறுன்னு நெனச்சு நான் குறுக்க போய் விழுந்துட்டேன். பட்டறையே சிரிச்சுது.”

“சும்மா இரு,” என்றார் மாமனார்.

“நீங்க சும்மா இருங்க. அது மட்டுமாம்மா? புருஷன் பொண்டாட்டி தூங்காம பேசிக்கிட்டே கெடந்தாலும் எங்க வீட்டுல இரட்டறதுன்னுதான் சொல்லுவோம். ‘ரெண்டு பேரும் இன்னும் என்ன இரட்டிக்கிட்டு இருக்கீங்க, வெளக்க அணைங்க’ன்னு இந்தச் செவுத்தத் தட்டி நானே எத்தன தடவ...”

அங்கே நிறுத்திக்கொண்டாள். தட்டியது யார் அறைச் சுவரை என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. மருமகள் காலித் தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி, பிரித்து, மறுபடி அடுக்கினாள்.

அகராதியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஒரே ஒரு தடவ அது எப்படின்னு பாக்க முடியுமா? உங்க மகன் காட்டுறேன்னு சொன்னாரு. கஷ்டமா இருந்தா வேணாம்.”

“எப்படியும் இன்னைக்குப் பாத்தாகணும்,” என்றான் சின்னவன். “நாளைக்குக் கோபுரத்துக்காரன் வந்து நிப்பான். அப்பா, இன்னைக்கும் நான் நடுவுல நின்னு ரெண்டு கையாலயும் அடிச்சா, மறுபடி சேரலன்னுதான் சொல்லுவீங்க. ஒழுங்கா ஆள் வெச்சு இரட்டலாம்.”

“ஆளுக்கு எங்கடா போவ?”

“நான் நிக்கறேன் மாமா,” என்றாள் மருமகள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டாள்.

பட்டறையில் ஈர மண்ணும் கரியும் சேர்ந்த வாசனை. மூலையில் உடைத்த அச்சு மண் குவிந்திருந்தது. மண்ணில் வைக்கோல் துணுக்குகள் கருகி நீட்டிக்கொண்டிருந்தன. உலை ஆறிக் கிடந்தது. நடுவில் தடித்த உத்தரத்தில் இரண்டு மணிகளும் தொங்கின. இரண்டும் ஒரே அளவு. அவள் முழங்கால் உயரம். பெரியவன் மணி கொஞ்சம் மங்கலாக, யாரும் துடைக்காமல். சின்னவன் மணி புது மஞ்சளாக.

மாமனார் எதிர்ச் சுவருக்குப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். இரட்டும்போது கேட்பவன் பார்க்கக் கூடாது. யார் மணி என்று கண் சொல்லிவிட்டால் காது பொய் சொல்லும் என்பது அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் எந்தப் பக்கம் யாருடைய மணி தொங்குகிறது என்று இப்போது அவர் முதுகுக்கும் தெரியும்.

சின்னவன் அவளிடம் கட்டைச் சுத்தியை நீட்டினான். பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது.

“ரொம்ப ஓங்காதீங்க அண்ணி. விளிம்புக்குக் கொஞ்சம் மேல. என் மணி பாதி இறங்கும்போது நீங்க. உங்களது பாதி இறங்கும்போது நான்.”

“தெரியும் தம்பி. பாத்திருக்கேன்.”

அவன் அடித்தான். மணி வாய் திறந்து, நிறைந்து, நீளமாக இறங்கியது. அவள் அடித்தாள். பெரியவன் மணி பெரிதாகத்தான் தொடங்கியது. பிறகு எங்கேயோ ஒரு பள்ளத்தில் கால் வைத்தது போலச் சட்டென்று அமிழ்ந்தது. சின்னவன் கை உயர்வதற்குள் அங்கே ஒன்றும் இல்லை. அவன் அடித்தான். அவள் அடித்தாள். மறுபடி அமிழ்ந்தது. ஒருவர் பேசப் பேச மற்றவர் பாதியில் எழுந்து போய்விடுவது போல. சின்னவன் மணி தனியாகக் காத்திருந்து காத்திருந்து, தன் ஒலியிலேயே தேய்ந்துகொண்டிருந்தது.

அவர்கள் நிறுத்தினார்கள். கூரையில் மழை மட்டும்.

மாமனார் திரும்பாமலே சொன்னார். “சின்னவனுது அடங்க மாட்டேங்குது. பதில் சொல்ல விடாம அதுவே இழுத்துக்கிட்டு நிக்குது. பெரியவன் மணி மரியாதையா அடங்குது. உன்னோடதுதான்டா தப்பு. உடை.”

சின்னவன் கட்டைச் சுத்தியைக் கீழே வைத்தான். கோபமாக வைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான்.

“உடைக்கறேன் அப்பா. மூணாவதையும் உடைக்கறேன். அதோட கைய கழுவிட்டு நாளைக்குக் குழாய் கம்பெனியில போய் நிக்கறேன். அங்க யாரும் குழாயத் தட்டிப் பாத்து அண்ணன் கொழாய் மாதிரி இல்லன்னு சொல்ல மாட்டாங்க.”

“போ. யாரு புடிச்சா?”

“என்னங்க!” என்றாள் மாமியார் வாசலிலிருந்து. “ஒருத்தனத்தான் கொடுத்தாச்சு. இருக்கறவனையும் தொரத்தணுமா?”

சின்னவன் சுவரோரம் சாய்த்திருந்த சம்மட்டியை எடுத்தான். தன் மணியின் அருகே போனான். அவன் முகத்தை மருமகள் பார்த்தாள். அழுது முடித்த முகம் அது. எப்போது அழுதான் என்று அவளுக்குத் தெரியாது. அவனும் அண்ணனைப் பறிகொடுத்தவன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லார் காதிலும் விழுந்தது, இந்த அகராதியம்மா காதில்கூட விழுந்திருக்கும், எந்த மணி செத்துவிட்டது என்று. சொல்லத்தான் ஆள் இல்லை. அப்பா சொல்ல மாட்டார். தம்பி சொல்லக் கூடாது. அம்மாவால் முடியாது.

“தம்பி, நில்லுங்க,” என்றாள். “மாமா, இந்த மணிதான் தப்பு. அவரு மணி.”

மாமனார் திரும்பினார். “உன் புருஷன் கடைசியா வார்த்ததும்மா அது.”

“தெரியும் மாமா. அதனாலதான் நான் சொல்றேன். வேற யாரு சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க.”

“உனக்கு என்ன தெரியும் மணியப் பத்தி?”

“மணியப் பத்தித் தெரியாது மாமா. அவரப் பத்தித் தெரியும். இத அச்சுலேர்ந்து எடுத்த அன்னைக்கு விரல் முட்டியால ஒரு தட்டுத் தட்டினாரு. நான் அந்த வாசல்ல நின்னேன். எந்த மணிய எடுத்தாலும் நல்லாருக்கோ இல்லையோ ஏதாவது சொல்லுவாரு. ‘கேளுடி, உன்ன மாதிரியே பேசுது’ன்னாவது கிண்டல் பண்ணுவாரு. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. வந்து கை கழுவினாரு. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு மாமா. இருந்திருந்தா மறுநாள் அவரே உடைச்சிருப்பாரு.”

அகராதியம்மா கையிலிருந்த போனில் ஏதோ அமுக்கி, ஒலிப்பதிவை நிறுத்திப் பைக்குள் வைத்தாள்.

“இது ஒண்ணுதாம்மா மிச்சம் இருக்கு,” என்றார் மாமனார். அதட்டுகிற குரல் இல்லை அது.

“எனக்கும்தான் மாமா.”

அவர் நெடுநேரம் அந்த மங்கல் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சின்னவனிடம் கண்ணைக் காட்டினார். சின்னவன் கயிற்றைத் தளர்த்தி மணியை இறக்கினான். இருவரும் அதை மணல் மேல் பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தினார்கள். தூங்குகிற பிள்ளையைப் பாயில் விடுவதுபோல அவ்வளவு மெதுவாக, உடைக்கப்போகிற சாமானை.

“வார்த்தவன்தான் உடைக்கணும்,” என்றார் மாமனார். “யாரு...”

“குடுங்க தம்பி,” என்றாள் மருமகள்.

சம்மட்டி அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முதல் அடிக்கு மணி உடையவில்லை. எல்லாருடைய எலும்புக்குள்ளும் இறங்குகிற மாதிரி ஓர் ஓலம் போட்டது. தெருவில் யாரோ கதவு திறந்து எட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது அடி விளிம்பில் விழுந்தது; கைப்பிடியின் அதிர்வு அவள் முழங்கைவரை ஏறியது. மூன்றாவதற்குத் தட்டு உடைகிற மாதிரி ஒரு சாதாரணச் சத்தம். ஒலி போய்விட்டது. ஒரு பெரிய துண்டு மணலில் கழன்று விழுந்தது.

சின்னவன் குனிந்து அதை எடுத்து, உடைந்த பக்கத்தைத் திருப்பினான். எதுவும் சொல்லாமல் அப்பாவிடம் நீட்டினான். உடைந்த உலோகத்துக்குள்ளே பொடிப் பொடியாகத் துளைகள், ரொட்டித் துண்டைப் பிய்த்துப் பார்த்ததுபோல. ஈர அச்சில் ஊற்றினால் ஆவி உள்ளே மாட்டிக்கொண்டு இப்படித்தான் ஆகும். மண் பிசைந்து பழகிய அவளுக்கே அது தெரியும்.

மாமனார் அந்தத் துளைகளைக் கட்டைவிரலால் தடவினார்.

“இன்னும் காயணும்ப்பான்னுதான் சொன்னான்,” என்றார். “மழை வலுக்கறதுக்குள்ள ஊத்திடுடான்னு நான்தான்...”

மாமியார் போய் அவர் கையிலிருந்த துண்டை வாங்கி உலையடியில் வைத்தாள். “அவன் பேச்ச நீங்க என்னைக்குக் கேட்டீங்க,” என்றாள். ஆனால் திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அவர் தோளில் ஒட்டியிருந்த கரித்தூளைத் தட்டிவிட்டாள்.

“அண்ணி,” என்றான் சின்னவன். “கோபுரத்துக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். இன்னொண்ணு ஊத்தித் தரோம், நல்லா காஞ்ச பெறகுதான்னு சொல்லிடறேன்.” குழாய் கம்பெனியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. அவன் மணி உத்தரத்தில் தனியாகத் தொங்கியது.

அகராதியம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். “அடுத்த மணி ஆனதும் வாம்மா,” என்றாள் மாமியார். “ஒழுங்காக் காட்டச் சொல்றேன்.” அவள் தலையை ஆட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள்.

மருமகள் உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உலையடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் வந்து அவள் வலது கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. விரல்கள் முழுதாக மடங்க மறுத்தன.

“இவ்வளவு உரிஞ்சிருக்கு. வலிக்கலையாடி?”

மருமகள் கையைப் பார்த்தாள். அது தன் கைதான் என்று உறுதிசெய்துகொள்வது போல மெல்ல ஒரு விரலை அசைத்தாள்.

“இன்னும் இல்ல அத்தை,” என்றாள். “இனிமேதான் வலிக்கும்.”